இரண்டு தாழ்ப்பாள்

டோலன்லாய்க் கோட்டைக்கு
மாதம் ஒருமுறை போகிறேன், விரிசல் அளக்க.
சுவரில் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகளில்
மயிரிழைக் கோடு நகர்ந்ததா என்று பார்த்து
நோட்டில் எண் எழுதுவது வேலை.
கீழே மோசல் ஆறு வளைந்து போகும்.
கோட்டையில் அதை யாரும் கவனித்த மாதிரி இல்லை;
தண்ணீர் என்றாலே அவர்களுக்குக்
கிணற்றுச் சண்டைதான்.

முதலில் ஒரே ஒரு கோபுரம்.
பலகைக்கல் பாறையைப் பெயர்த்து
அதே பாறைமேல் அடுக்கியது.
மலை எங்கே முடிந்தது, சுவர் எங்கே தொடங்கியது
கொத்தனுக்கே தெரிந்திராது.
சுவரின் கனம் பன்னிரண்டடி. வாசல் தரையில் இல்லை:
மூன்று ஆள் உயரத்தில். ஏணி வைத்து ஏறி
ஏணியை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும்.
வெளியிலிருந்து வரும் பகைக்கு
அவ்வளவும் யோசித்திருந்தான் முதல் விரிக்.

பிறகு பிள்ளைகள் பெற்றான்.

இந்தப் பகைக்கு ஏணி தேவைப்படவில்லை.

ஆட்டுத்தோல் பத்திரம் இன்னும் இருக்கிறது,
எலி தின்ற மூலையோடு.
எம்மெரிக்குக்குக் கிழக்குக் கட்டு. தீல்மனுக்கு மேற்கு.
இளையவன் கெர்லாகுக்கு
வாயில்மாடமும் அதன்மேல் ஒழுகும் கூரையும்.
கிணறு பொது. சிற்றாலயம் பொது.
கொடிமரம் பொது, கொடி முறைவைத்து.
முற்றத்தில் கத்தி உருவியவன்
ஒரு மாதம் மதிலுக்கு வெளியே.
தங்கை லுகார்டிசுக்கு
உயிருள்ளவரை ஒரு ஜன்னல்.
அறை என்று எழுதவில்லை. ஜன்னல் என்றுதான்.

மூன்று பக்கமும் பள்ளம்; பரவ இடமில்லை.
மேல்நோக்கிக் கட்டினார்கள்.
அண்ணன் ஒரு மாடி எழுப்பினால்
தம்பி ஒன்றரை.
மரச்சட்டம் போட்ட மேல்தளங்கள்
ஒன்றையொன்று முழங்கையால் இடிக்கும்.
கழிப்பறைகள் சுவருக்கு வெளியே தொங்கும்;
எம்மெரிக் வீட்டாருடையது
தீல்மனின் கீரைப்பாத்திக்கு நேர் மேலே.
தற்செயல் என்று
எழுத்தில் சத்தியம் செய்திருக்கிறான்.

பெரிய கூடத்தையும் விடவில்லை.
நடுவில் வைத்த சுவர்
கணப்படுப்பை இரண்டாகப் பிளந்து இறங்கியது.
மேலே விலா வளைவுகள் எட்டும் கூடும் பூட்டுக்கல்லில்
ஒரு தேவதை:
வலக்கை இவர்களுக்கு, இடக்கை அவர்களுக்கு,
முகம் சுண்ணாம்புக்குள்.

போன நவம்பரில் அந்தச் சுவரில்
ஏழாம் எண் சில்லு உடைந்தது.
தட்டிக்கொண்டே போனோம்.
ஓரிடத்தில் பானைச் சத்தம்.
காரையை உரித்தால் ஒரு பொந்து,
ரொட்டி ஒன்று நுழையும் அகலம்.
நடுவில் இரும்புக் கதவு.
இந்தப் பக்கம் ஒரு தாழ்ப்பாள் தெரிந்தது.
இழுத்தோம், வந்தது. கதவு அசையவில்லை.
அந்தப் பக்கமும் ஒன்று இருக்கிறது.
ஒருத்தி மட்டும் நினைத்தால் திறக்காத கதவு.

பத்திரத்தில் இது இல்லை.

பொந்தின் அடியில் கரித்துண்டு, முட்டையோடு,
எலும்பில் கடைந்த கிலுகிலுப்பை, சுண்டுவிரல் அளவு.
நெருப்பு கேட்டிருப்பார்கள், உப்பு கொடுத்திருப்பார்கள்
என்றேன் நான்.
ஒட்டுக்கேட்கவும் இருக்கலாம்
என்றாள் கூட வேலை செய்யும் ஹில்ட்ரூட்.
அவளுக்கு மூன்று அண்ணன்மார்.

அவளை அங்கேயே நிறுத்திவிட்டு
நான் இறங்கினேன்:
கிழக்குச் சுழல்படி அறுபத்தெட்டு,
முற்றம், கிணறு,
மேற்கு வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர்
தனிச் சீட்டு வாங்கச் சொன்னார்.
கிழக்குச் சீட்டு இங்கே செல்லாதாம்.
வாதாடவில்லை. நான்கு யூரோ.
மறுபடி எழுபத்தொன்று.

அந்தப் பக்கக் காரையும் உதிர்ந்து
இரண்டாம் தாழ்ப்பாள் நகர
ஒரு மணி நேரமும் அரைப்புட்டி எண்ணெயும் ஆயின.
கீல் பன்றிக்குட்டிபோலக் கத்தியது.
சுவருக்குள்ளிருந்து ஹில்ட்ரூட்டின் கை,
முழங்கைவரை வெள்ளையாக,
என் பக்கம் நீண்டு விரல்களை ஆட்டியது.
பென்சில் கேட்டாள்.

கொடுத்தேன்.
ஏழாம் எண்: நான்கு மில்லிமீட்டர்.
விரிகிறது.